நம் வீட்டுச் சாமானுக்கு மட்டும் ரசீது வேண்டாமா?



ஒரு மூட்டை சர்க்கரை நனைந்து வந்து இறங்கினால் நாம் சும்மா இருப்பதில்லை. லாரி ஆபீசிலேயே நின்று, ரசீதின் பின்புறம் 'ஒரு மூட்டை நனைவு' என்று எழுதி, அங்குள்ள குமாஸ்தாவிடம் கையெழுத்து வாங்கிக் கொண்ட பிறகுதான் சரக்கை எடுக்கிறோம். எண்ணெய் டின் ஒன்று ஒழுகியிருந்தால் அன்று மாலைக்குள் மொத்த வியாபாரிக்குத் தகவல் போய்விடுகிறது. வாங்கல் விற்றலில் இவ்வளவு விழிப்பாக இருக்கிற நாம், சொந்த வீட்டையோ கடையையோ மாற்றுகிற நாளில் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். முப்பது வருடம் காத்து வந்த தேக்குக் கட்டிலையும், மகளுக்குச் சீராகக் கொடுத்த பீரோவையும், அப்பா உட்கார்ந்திருந்த கல்லாப்பெட்டியையும் பெயர்கூடக் கேட்காத ஒரு வண்டியில் ஏற்றி, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் அனுப்பி வைக்கிறோம். இறக்கும்போது கால் ஒடிந்திருக்கும், கண்ணாடி விரிந்திருக்கும். உடனே சத்தம் போடுகிறோம். யாரிடம்? நூறு ரூபாய் அதிகம் கேட்டதற்காகக் காலையில் நாம் பேரம் பேசி மடக்கிய அந்தச் சுமை தூக்கும் தொழிலாளியிடம்!

இது நமக்கு அழகல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. வணிகர் இதழில் வீடு மாற்றுவதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் பகுதியில் இது வணிகர்களுக்குத் தொடர்பில்லாத விஷயம் அல்ல. நெய்வேலியை எடுத்துக் கொள்ளுங்கள். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே குவார்ட்டர்சில் குடியிருந்து பணி ஓய்வு பெறுகிறவர்கள் வீட்டைக் காலி செய்து கடலூருக்கோ, வடலூருக்கோ, சிதம்பரத்துக்கோ, சொந்த ஊருக்கோ போய்க் கொண்டே இருக்கிறார்கள். சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக் கொண்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில், தேவைக்கு மிகுதி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் அயற்பணியில் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது சிதம்பரத்து மளிகைக் கடைக்காரர்களுக்கு மாதாந்திரக் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை போயின என்பது அவரவர் பேரேட்டைப் புரட்டினால் தெரியும். போவதற்கு முன் அவர்கள் கடைசியாக நம்மிடம் கேட்டது என்ன? "அண்ணாச்சி, காலி அட்டைப்பெட்டி நாலு இருக்குமா? பழைய சாக்கு இருந்தாலும் கொடுங்க." விழுப்புரம் – புதுச்சேரி – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்கு இடம் கொடுத்தவர்கள் வீடும் கடையும் பெயர்த்துக் கொண்டு போனதும் நம் கண்முன் நடந்ததே. ஆக, வீடு மாற்றுகிற எவரும் முதலில் வந்து நிற்கிற இடம் நம் கடை வாசல்தான்.

அந்தச் சாக்கையும் பெட்டியையும் கொடுக்கிறபோது இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுக்கலாம். ஏனென்றால் கட்டுமானம் என்பது நம் தொழில். முட்டையை உடையாமல் கொண்டு வருகிறோம். அப்பளத்தை நொறுங்காமல் அடுக்குகிறோம். கண்ணாடிப் பாட்டில் ஊறுகாயை வைக்கோல் வைத்து நூறு மைல் அனுப்புகிறோம். ஆனால் இந்த அறிவெல்லாம் கடைப்படியோடு நின்றுவிடுகிறது.

சாக்கில் தொடங்குகிறேன். எந்தச் சாக்கும் எந்தச் சாமானுக்கும் ஆகாது. வெல்ல மூட்டை வந்த சாக்கை மேஜைக்குச் சுற்றினால் புது வீட்டுக்கு எறும்பும் கூடவே குடிபோகும். உப்பு மூட்டைச் சாக்கை இரும்பு பீரோவின் மேல் கட்டவே கூடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும். கடற்காற்று அடிக்கிற கடலூர் முதுநகரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிளகாய்ச் சாக்கு என்றால் தூக்குகிறவன் கண் எரிந்து பிடியை விட்டுவிடுவான். அரிசிச் சாக்கு, கோதுமைச் சாக்கு நல்லது. அதையும் உதறி, வெயிலில் காய வைத்து, வண்டு இல்லை என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பாலீஷ் போட்ட மரத்தின் மேல் சாக்கை நேராகப் போடக் கூடாது. சணல் நார் தேய்த்துக் கீறும். முதலில் ஒரு பழைய பருத்திச் சேலை அல்லது வேட்டி, அதன் மேல் ஜமக்காளம், அதற்கும் மேல் சாக்கு. பிளாஸ்டிக் தாளை மரத்தோடு ஒட்டச் சுற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் நின்று பாலீஷ் வெளுத்துப் போகும். துணி சுற்றிய பிறகு மழைக்காக மேலே ஒரு தாள் போடுவது வேறு. ஒட்டும் டேப்பை மரத்தின் மேலேயே ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிரிக்கும்போது பாலீஷையும் சேர்த்துப் பிரித்துக் கொண்டு வரும்.

கயிறு இறுக்கிக் கட்டுகிறோம். அந்தக் கயிறே மரத்தின் விளிம்பை அறுத்து வைக்கிறது. லாரியில் தார்ப்பாய் கட்டும்போது அரிசி மூட்டை பிதுங்காமல் இருக்க மூலையில் அட்டை வைக்கத் தெரிந்த நமக்கு, அலமாரியின் மூலையில் நாலு மடிப்புச் சாக்கு வைக்கத் தோன்றுவதில்லை. நைலான் கயிறு வழுக்கும், வண்டி குலுங்கக் குலுங்கத் தளரும். தேங்காய் நார்க் கயிறு பிடிக்கும், ஆனால் கீறும். மூலைக்கு மெத்தை வைத்துவிட்டால் நார்க் கயிறே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணாடியைப் படுக்க வைத்து அனுப்புவது பெரும் பிழை. கடை ஷோகேசின் தட்டுக் கண்ணாடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இடையே அட்டை வைத்து, செங்குத்தாக நிறுத்தி, வண்டியின் முன்பக்கத் தடுப்பில் சாய்த்துக் கட்ட வேண்டும். படுக்க வைத்த கண்ணாடி பள்ளத்தில் வண்டி விழுந்தால் தன் எடையாலேயே நடுவில் முறியும். செங்கல் மாதிரி அடுக்கி, மேலே யாராவது ஒரு குக்கரையும் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பீரோவில் பதித்த ஆளுயரக் கண்ணாடி கழற்ற வராது. அதன் முகத்தில் மெத்தையைச் சார்த்திக் கட்டுங்கள். வீட்டில் மெத்தையும் தலையணையும் எப்படியும் போகத்தானே வேண்டும், அவை சும்மா ஏன் போக வேண்டும்?

இரும்பு பீரோவைத் துணிமணியோடு தூக்குகிறார்கள். "காலி செய்ய நேரமில்லை, அப்படியே தூக்குப்பா" என்று நாம்தான் சொல்கிறோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் தன் 128-ஆம் பரிந்துரையில் ஓர் ஆண் தொழிலாளி சுமக்கத் தக்க உச்ச எடையாக 55 கிலோவைக் குறிப்பிட்டது. நிறைந்த பீரோவை இரண்டு பேர் மாடிப்படியில் இறக்கினால் ஆளுக்கு எவ்வளவு வருகிறது என்று தராசு வைத்துப் பிழைக்கிற நாம் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கை நழுவினால் போவது பீரோ மட்டும் அல்ல. கீழே நிற்கிறவனின் காலும் இடுப்பும் போகும். 1982-இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் வந்து, அதன் கீழ் நல வாரியங்கள் அமைந்தன. நம் மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர்களில் எத்தனை பேர் அட்டை வைத்திருக்கிறார்கள், புதுப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டு வைப்பது நம் கடமை. வீடு மாற்றவும் நாம் அழைப்பது அவர்களைத்தானே.

மரச்சாமானைப் பற்றி ஒரு விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கட்டிலும் அலமாரியும் நாக்கும் துளையுமாகப் பொருத்தியவை. ஆப்பைத் தட்டினால் கழலும், திரும்பத் தட்டினால் சேரும். பலாவும் தேக்கும் பூவரசும் பத்து முறை கழற்றிப் பூட்டினாலும் தாங்கும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மனிதர் ஒரு தலைமுறை காத்திருந்து வளர்த்த மரங்கள் அவை. அப்படிப்பட்ட பழைய மரத்தில் செய்த சாமான் உங்கள் வீட்டில் இருந்தால், அதைப் போல இன்னொன்றைக் காசு கொடுத்தும் எளிதில் வாங்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இப்போது வருவதோ மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. பார்க்க வழவழப்பாக இருக்கும். அதில் திருகாணி ஒருமுறை பிடிக்கும், இரண்டாம் முறை பிடிக்கும், மூன்றாம் முறை துளை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கழற்றாமல் தூக்கினால் மூட்டு பிளக்கும். ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். பிறகு என்ன செய்தாலும் பழைய நிலைக்கு வராது. இத்தகைய சாமானைப் பின்னால் கட்டிய மெல்லிய பலகையைக் கழற்றாமல், நேராக நிறுத்தி, அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இழுத்தால் கால் போகும். ஆட்களுக்கு இது தெரியாது. தேக்குக் கட்டிலைத் தூக்குகிற மாதிரியே தூக்குவார்கள். சொல்ல வேண்டியது நாம்.

கழற்றிய போல்ட், நட்டு, வாஷரை ஒரு துணிப்பையில் போட்டு அந்தந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். 'பிறகு தேடிக்கொள்ளலாம்' என்று ஒரே டப்பாவில் போட்டால், புது வீட்டில் முதல் இரவு எல்லாரும் தரையில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

கடையில் குளிர்பானப் பெட்டியோ ஃபிரிட்ஜோ வைத்திருப்பவர்கள் அதை நின்ற நிலையிலேயே கொண்டு போக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியின்றிச் சாய்த்திருந்தால் இறக்கியதும் சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடை மாற்றி, உடனே சுவிட்சைப் போட்டுக் கம்ப்ரஸரைக் கெடுத்துக் கொண்டவர்கள் நம்மில் உண்டு.

தராசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரானிக் தராசின் தட்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்ல வேண்டும். தட்டின் மேல் பாரம் வைத்து ஏற்றினால் உள்ளே எடையை உணரும் பாகம் வளைந்துவிடும். பிறகு அது ஐம்பது கிராம் கூட்டிக் காட்டினாலும் குறைத்துக் காட்டினாலும் பழி கடைக்காரருக்கே. வைத்த இடத்திலேயே சரிபார்த்து முத்திரையிட்ட பெரிய தராசைக் கழற்றி வேறு இடத்தில் பொருத்தினால், அடுத்த கெடு வரும் முன்னரே ஆனாலும் மறுமுத்திரை பெற வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. கடை மாற்றிய மகிழ்ச்சியில் இதை மறந்து அபராதம் கட்டுவானேன்? ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிப்பதையும் கூடவே செய்துவிட வேண்டும்.

இனி ரசீது விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் நினைப்பது, வண்டியில் உடைந்தால் அது தலைவிதி, கேட்க வழியில்லை என்பது. அது சரியல்ல. பொதுச் சரக்குப் போக்குவரத்து செய்பவரின் பொறுப்பைப் பற்றி வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1865-இல், சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2007-இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் ஒரு முக்கியமான விதி உண்டு. சரக்கு சேதமானால், போக்குவரத்துக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அவரிடம் நல்ல நிலையில் ஒப்படைத்தோம், சேதமாகி வந்தது என்று காட்டினால் போதும்.

அந்த 'நல்ல நிலையில் ஒப்படைத்தோம்' என்பதை எதைக் கொண்டு காட்டுவது? இதற்குத்தான் சீட்டு வேண்டும் என்கிறேன். புதிய சட்டப்படி சரக்கை அனுப்புகிறவர் என்னென்ன சாமான், என்ன மதிப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றுக் கொண்டவர் ரசீது தர வேண்டும். மதிப்பைத் தனியாக எழுதி, அதற்குரிய கூடுதல் கட்டணமும் பேசிக் கொள்ளாவிட்டால், இழப்பீடு வாடகையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போகாது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, சுமார் 45 கிலோமீட்டருக்கு, 3,000 ரூபாய் வாடகை என்று வைத்துக் கொள்வோம். மொத்தச் சாமானும் நாசமானாலும் உச்ச வரம்பு 30,000 ரூபாய். உங்கள் வீட்டுச் சாமானின் மதிப்பு அவ்வளவுதானா என்று யோசித்துப் பாருங்கள். வழக்குப் போடும் முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதையும் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். "தெரிந்தவர்தானே, பொங்கல் கழித்துப் பேசிக் கொள்ளலாம்" என்று இழுத்தால் நாள் கடந்துவிடும்.

ஸ்டாண்டில் நிற்கிற 'குட்டி யானை' வண்டிக்காரரிடம் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கிற அவர் இந்தச் சட்டத்தின் கீழ் வருவாரா என்பதே ஒரு வழக்காகும். அவர் மீது வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. அவரிடமும் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. 'பீரோ 1, கண்ணாடி சரி, இடது கதவில் பழைய ஒடுக்கு' என்று ஏற்கெனவே இருந்த பழுதையும் எழுதுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. பழைய ஒடுக்கைக் காட்டி அவர் கூலியில் பிடித்தம் செய்கிற அநியாயமும் நம் ஊரில் நடக்கிறது. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஏற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

வெளியூர் கம்பெனிகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. குறைந்த தொகை சொல்லி முன்பணம் வாங்கிக் கொண்டு, சாமானை ஏற்றிய பிறகு இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் இறக்குவோம் என்று வழியில் நிறுத்துகிற கூட்டம் நாடு முழுவதும் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் மகனின் சாமானைச் சென்னைக்கு அனுப்பியபோது பட்ட பாடு இதுதான். பேசிய தொகைக்கு மேல் பாதியளவு கொடுத்த பிறகே கதவைத் திறந்தார்கள். உள்ளே உணவு மேஜையின் கண்ணாடி தூளாகக் கிடந்தது. கையில் இருந்தது போனில் வந்த ஒரு தொகை மட்டும். விலாசம் கிடையாது, ரசீது கிடையாது. பொதுச் சரக்குப் போக்குவரத்து நடத்துபவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் சாமானைக் கொடுக்காதீர்கள்.

கட்டணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் ஆணையத்திலேயே, வழக்குத் தொடரலாம். எதிர்த்தரப்பு எந்த ஊராக இருந்தாலும் சரி. கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சாமானுக்கு இது எளிது. கடைச் சாமான் என்றால் 'இது வணிக நோக்கம், நீ நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடும். வீட்டையும் கடையையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனியே பட்டியலும் தனித்தனியே ரசீதும் வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

தனித்தனியாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு. உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வண்டியில் இடம் இருக்கிறதே என்று கட்டிலுக்கு அடியில் பத்து மூட்டை பருப்பையும் ஏலக்காய்ப் பெட்டியையும் தள்ளிவிடுகிறோம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். வழியில் சோதனை வந்தால் கட்டிலும் சேர்ந்து நிற்கும். போதாததற்கு, பருப்பு மூட்டையின் மேல் நிற்கிற கட்டில் வழியெல்லாம் ஆடிக் கொண்டே வரும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எடுக்கலாம், படித்துவிட்டு எடுக்கலாம். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசியில் 'ஏ' பிரிவு ஏறக்குறைய எல்லா இடர்களுக்கும் ஆனது. 'பி' பிரிவு தீ, வண்டி கவிழ்தல், மோதல் போன்றவற்றுக்கு மட்டும். பீரோ நசுங்கினால் 'பி' பிரிவில் காசு வராது. 'ஏ' பிரிவிலும் சரியாகக் கட்டாததால் வந்த சேதத்தைத் தரமாட்டார்கள். பழைய சாமான் என்றால் கீறல், ஒடுக்கு ஆகியவற்றை விலக்கி எழுதுவதும் உண்டு. ஆகவே பாலிசி எடுத்தாலும் சாக்கும் கயிறும் நாம்தான் கட்ட வேண்டும்!

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று. பீரோ சாயாமல் பிடித்துக் கொள்ள என்று வண்டியின் பின்புறம் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறோம். நம் சாலைகளில் இதைத் தினமும் பார்க்கலாம். சரக்கு வண்டியில் இப்படி இலவசமாக ஏறிச் செல்பவருக்கு வண்டியின் இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1994-இல் செய்த திருத்தம் சரக்கின் உரிமையாளரையோ அவருடைய பிரதிநிதியையோ மட்டும்தான் சேர்த்தது. அவரும் உட்கார வேண்டியது டிரைவர் பக்கத்தில், சாமானுக்கு மேல் அல்ல. ஒழுங்காகக் கட்டிய பீரோவைப் பிடித்துக் கொள்ள ஆள் தேவையில்லை. கட்டாத பீரோ சாய்ந்தால் பையனால் பிடிக்கவும் முடியாது.

சேதத்துக்கு மூல காரணம் அவசரம். அந்த அவசரத்தைப் பாதி நாமே உண்டாக்குகிறோம். ஆடியில் குடிபோகக் கூடாது, மார்கழியில் கூடாது, செவ்வாய்க் கிழமை ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை; என் வீட்டிலும் நாள் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்த நாளில் ஊரே வீடு மாறினால் வண்டிக்கும் ஆளுக்கும் எங்கே போவது? அன்று வண்டிக்காரர் நாலு நடை ஒப்புக் கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் ஏற்றிக் கொண்டிருக்கும்போதே அடுத்தவர் போன் செய்து கொண்டிருப்பார். முகூர்த்தம் என்பது பால் காய்ச்சுவதற்கு. நல்ல நேரத்தில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, அரிசியோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு, பீரோவையும் கட்டிலையும் இரண்டு நாள் கழித்து ஒரு சாதாரண நாளில் நிதானமாக எடுத்துச் சென்றால் எந்தச் சாஸ்திரம் தடுக்கிறது? கூலியையும் நடைக்கு இவ்வளவு என்று பேசாமல் நாளுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நடைக் கூலியில் வேகம்தான் லாபம். நாள் கூலியில் அவர்களுக்கு மெதுவாகத் தூக்குவதில் நஷ்டமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மாற்ற நேர்கிறவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரம் குடித்துப் பெருத்திருக்கும். இழுப்பறை இறுகி நிற்கும். அதைப் பலங்கொண்டு இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும். வெள்ள காலத்தில் சாமானை மாடிக்கு ஏற்றுவதும் ஒருவகையில் வீடு மாற்றுவதுதான். 2015 நவம்பரிலும், ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் தண்ணீர் வந்த 2024 டிசம்பர் முதல் வாரத்திலும் கடலூர்க்காரர்கள் இதை இருட்டில் செய்தார்கள். தூக்க முடிந்ததைத் தூக்கினார்கள், மற்றது ஊறியது. நனைந்த மரச்சாமானை உடனே வெயிலில் போடாதீர்கள். வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் பிளக்கும், கோணும். இழுப்பறைகளை எடுத்துவிட்டு, நிழலில், நாலு கால் அடியிலும் செங்கல் வைத்து, காற்றோட்டமாகப் பல நாள் உலர விடுங்கள். தாழ்வான தெருவில் கடை வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னரே அடித்தட்டைக் காலி செய்து, அலமாரியைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பது நல்லது. ஆறு வந்த பிறகு ஆள் கிடைக்காது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. தனி ஒருவர் வருடத்தில் ஒரு நாளுக்காகச் சாமான் கட்டும் தளவாடம் வாங்கி வைக்க முடியாது. சங்கம் வைக்கலாம். இரண்டு சக்கர டிராலி இரண்டு, அகலமான தூக்கு பெல்ட் நாலு, கனமான ஜமக்காளம் இருபது, தார்ப்பாய் ஒன்று. திருமணப் பந்திப் பாத்திரத்தை வாடகைக்கு விடுகிற மாதிரி உறுப்பினர்களுக்குச் சிறு வாடகைக்கு விடலாம். இதோடு, நான் சொன்ன பட்டியலைச் சாமான், பழைய பழுது, மதிப்பு, ஏற்றியபோது நிலை, இறக்கியபோது நிலை என்று ஐந்து கட்டம் போட்டு, கார்பன் வைத்து எழுதுகிற புத்தகமாக அச்சடித்து அலுவலகத்தில் வைக்கலாம். சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தாரோடு ஒருநாள் உட்கார்ந்து, மாடிக்கு எவ்வளவு, கழற்றிப் பூட்ட எவ்வளவு, எதிர்பாராமல் உடைந்தால் கூலியில் பிடித்தம் உண்டா இல்லையா என்பதைப் பேசி முடித்துவிடலாம். பிடித்தம் கூடாது என்பது என் கட்சி. ஒரு நாள் கூலியைப் பிடித்து எந்தப் பீரோவையும் வாங்க முடியாது. பிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் உடைந்ததை மறைத்து அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நமக்குத் தெரிவது நாலு நாள் கழித்துத்தான்.

இதெல்லாம் சங்கத்தின் வேலையா என்று பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து கேட்பார் என்று எனக்குத் தெரியும். வரியும் லைசென்சும் பெரிய கம்பெனிகளின் போட்டியும் கிடக்க, கட்டிலுக்கும் பீரோவுக்குமா சங்கம் என்பார். அவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெரிய கம்பெனி வாடிக்கையாளர் வீட்டுக்குச் சரக்கைக் கொண்டு வந்து போடுகிறது. ஊர் மாறிப் போகிற வாடிக்கையாளருக்குக் காலிப் பெட்டியும், உதறிக் காயவைத்த சாக்கும், அச்சடித்த ஒரு பட்டியல் புத்தகமும், நம்பகமான நாலு ஆட்களின் பெயரும் தர அதனால் முடியாது. புது வீட்டுக்கு வருகிறவருக்கும் அப்படியே. சாமான் இறக்கிய அன்று சாயங்காலமே அவர் வீட்டு அம்மா காபித்தூளும் சர்க்கரையும் தேடி ஒரு கடைக்கு வரத்தான் வேண்டும். அன்று தொடங்குகிற கணக்கு பல வருடம் ஓடும்.

டிராலியும் பெல்ட்டும் வாங்க என்ன ஆகும் என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் இரண்டு இடங்களில் விலை விசாரித்து, அடுத்த செயற்குழுவுக்கு எழுத்து மூலம் கொடுக்கிறேன். பட்டியலில் எந்தக் கட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று உறுப்பினர்கள் அதற்குள் சங்க அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் அச்சகத்தில் கொடுக்க வசதியாக இருக்கும்.